கண்ணை மூடினால் கால் ஏன் ஆடுகிறது?

சுவருக்குப் பக்கத்தில், எட்டினால் கை படும் தூரத்தில் நில்லுங்கள். செருப்பு வேண்டாம். வலது பாதத்தைத் தூக்கி இடது தொடையின் உட்பக்கம் பதியுங்கள். அவ்வளவு உயரம் வரவில்லையா? கெண்டைக்காலில் வைத்தாலும் போதும். முழங்கால் மூட்டின்மேல் மட்டும் வைக்கக் கூடாது. கைகளைக் கூப்புங்கள். இதுதான் விருட்சாசனம், பி.டி. பீரியடில் செய்திருப்பீர்கள்.

இப்போது கண்ணை மூடுங்கள்.

சுவரைப் பிடித்துவிட்டீர்கள்தானே? பெரியவர்களும் அப்படித்தான். கண்ணைத் திறந்துகொண்டு அரை நிமிடம் அசையாமல் நிற்பவர்கள்கூடக் கண்ணை மூடியதும் சில நொடிகளில் தள்ளாடிவிடுவார்கள். பார்ப்பது கண்ணின் வேலை, நிற்பது காலின் வேலை. கண்ணை மூடினால் காலுக்கு என்ன கஷ்டம்?

நிற்பது சும்மா இருக்கிற காரியம் இல்லை. நம் உடம்பு எப்போதும் கொஞ்சம் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்ந்துகொண்டே இருக்கிறது. மூளை அதைக் கண்டுபிடித்து, எந்தத் தசையை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று உத்தரவு போடுகிறது. சாய்கிறோம் என்பது மூளைக்கு மூன்று வழிகளில் தெரியவருகிறது. முதல் வழி கண். இரண்டாவது உள்காது. அங்கே திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன; தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவை சொல்லிவிடும். அவற்றை ஒட்டியுள்ள இரண்டு சின்னப் பைகளில் சுண்ணாம்புத் துகள்கள் படிந்திருக்கும். கீழ்ப்பக்கம் எது என்பது அவற்றால் தெரிகிறது. மூன்றாவது வழி தசை, மூட்டு, உள்ளங்கால் தோல். கண்ணை மூடியதும் முதல் வழி அடைபட்டு, மற்ற இரண்டின் தலையில் முழுச் சுமையும் விழுகிறது. கணுக்கால் நடுங்குகிறதே என்று வெட்கப்பட வேண்டாம். மூளை சாய்வைத் திருத்துகிறது. அந்தத் திருத்தத்தைத்தான் நடுக்கமாகப் பார்க்கிறீர்கள்.

அந்த மூன்றாவது வழிதான் சுவாரசியமானது. தசைக்குள்ளே, அதன் இழைகளோடு இழையாக, தசைக்கதிர்கள் என்ற நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. தசை நீளும்போது அவையும் நீளும். எவ்வளவு நீண்டது, எவ்வளவு வேகமாக நீண்டது என்று உடனே நரம்பு வழியாகச் செய்தி அனுப்பும். தசையை எலும்போடு கட்டும் தசைநாணில் வேறு உணர்விகள். அவை இழுவிசையை அளக்கும். இருட்டில் உங்கள் மூக்கை நீங்களே தொட முடிகிறதே, அது இவற்றால்தான். பிரிட்டிஷ் விஞ்ஞானி சார்ல்ஸ் ஷெரிங்டன் 1906ஆம் ஆண்டு கை கால் இருக்கும் இடத்தை அறியும் இந்த உணர்வுக்கு அறிவியல் பெயர் சூட்டினார். நரம்புகள் பற்றிய ஆராய்ச்சிக்காக 1932ஆம் ஆண்டு நோபல் பரிசும் பெற்றார்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? இங்கிலாந்தைச் சேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவருக்கு 1971ஆம் ஆண்டு காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும் இல்லை, கை கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வும் இல்லை. தசைகளில் பலம் குறையவில்லை. ஆனாலும் எழுந்து நிற்க முடியவில்லை. பல மாதங்கள் பாடுபட்டு, கையையும் காலையும் கண்ணால் பார்த்துப் பார்த்தே அசைக்கக் கற்றுக்கொண்டார். நடக்கவும் செய்தார். ஆனால் விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார்.

நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கும் அந்த உணர்வை நாம் கவனிப்பதே இல்லை. கவனிக்கச் சொல்லித் தருவதுதான் யோகா ஆசிரியரின் முதல் வேலை என்பது என் கட்சி. உடம்பை வில்லாக வளைப்பதெல்லாம் அப்புறம்தான். ஆனால் எப்படிச் சொல்லித் தருவது என்பதில் ஆசிரியர்கள் ஒத்துப்போவதில்லை, ஒரே குருவிடம் படித்தவர்கள்கூட!

அந்தக் குரு திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1888ஆம் ஆண்டு கர்நாடகத்தில் பிறந்தவர். 1930களில் மைசூர் மகாராஜாவின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். அங்கே படித்த பட்டாபி ஜோயிஸ், பிற்பாடு மைசூரிலேயே தனியாக வகுப்பு நடத்தினார். அவர் முறையில் ஆசனங்கள் நிற்காமல் ஓடும். ஒரு மூச்சுக்கு ஓர் அசைவு, அடுத்த மூச்சுக்கு அடுத்த அசைவு.

பி.கே.எஸ். ஐயங்கார் நேர் எதிர். சின்ன வயதில் மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்து நோஞ்சானாக இருந்த பிள்ளை அவர். கிருஷ்ணமாச்சாரியாருக்கு மைத்துனர் முறை. 1937ஆம் ஆண்டு புனேவுக்குப் போனவர், கடைசிவரை அங்கேயே கற்பித்தார். ஓர் ஆசனத்தில் அப்படியே நிற்க வைத்து, குதிகாலின் வெளிஓரம் தரையில் பதிகிறதா, முழங்கால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அங்குலம் அங்குலமாகக் கவனிக்கச் சொல்வார். குனிந்தால் கை தரைக்கு எட்டவில்லையா? மரக்கட்டை ஒன்றைக் கைக்குக் கீழே வைப்பார். கயிறு, பெல்ட், நாற்காலி எல்லாம் அவருக்கு யோகா சாமான்கள். ஷெரிங்டன் சொன்ன உணர்விகளோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்: கட்டையில் கை ஊன்றியதும் விழுந்துவிடுவோமோ என்ற பயம் போகிறது, தசை இறுக்கம் தளர்கிறது, கவனம் மூட்டின் பக்கம் போகிறது.

மூன்றாவது ஆள் கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார். பொறியியல் படித்தவர். அப்பா 1950களில் சென்னைக்கு வந்துவிட்டார். அவரிடம் கற்ற மகன் 1976ஆம் ஆண்டு சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தைத் தொடங்கினார். ஆளுக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்ற வேண்டும் என்பது இவர் வழி. பத்து வயதுப் பையனுக்குக் கொடுப்பதை அவன் தாத்தாவுக்குக் கொடுக்க மாட்டார். மூச்சுதான் இவருக்கு முக்கியம். கையைத் தூக்கும்போது உள்மூச்சு, குனியும்போது வெளிமூச்சு.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. கையை மேலே தூக்கினால் விலா எலும்புகளும் விரிகின்றன, காற்று உள்ளே போக இடம் கிடைக்கிறது. குனிந்தால் வயிறு அழுந்தி, நுரையீரலுக்குக் கீழே உள்ள உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, காற்று வெளியேறுகிறது. மாற்றிச் செய்து பாருங்கள், உடம்பே மறுக்கும்.

மூச்சு இதயத்தையும் தொடுகிறது. மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், மூன்று விரல் வைத்து நாடி பாருங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள். துடிப்பு கொஞ்சம் வேகமாகும். மெதுவாக விடுங்கள், நிதானமாகும். மூச்சை விடும்போது வேகஸ் என்ற நரம்பு இதயத்துக்கு அதிகமாகக் கடிவாளம் போடுகிறது, இழுக்கும்போது தளர்த்துகிறது. இந்த ஏற்றத்தாழ்வு நோய் அல்ல. பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் இது நன்றாகத் தெரியும். எனவே வீட்டில் தாத்தா பாட்டி கையைவிட உங்கள் கையில் சோதிப்பது நல்லது.

இதயம் என்றதும் ஒரு பழைய கதை. யோகிகள் நினைத்தால் இதயத்தை நிறுத்திவிடுவார்கள் என்று அந்தக் காலத்தில் ஒரு பேச்சு இருந்தது. 1935ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு இதய மருத்துவர் தெரேஸ் பிராஸ் ஈ.சி.ஜி. கருவியோடு இந்தியாவுக்கு வந்து கிருஷ்ணமாச்சாரியாரைச் சோதித்தார். தாளில் இதய அலை மிகவும் சிறுத்துப்போயிருந்தது. உலகமே வியந்தது. 1957ஆம் ஆண்டு வெங்கர், பக்சி என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதிக்க அமெரிக்காவிலிருந்து வந்தார்கள். டெல்லியைச் சேர்ந்த ஆனந்த் அவர்களோடு சேர்ந்துகொண்டார். சில யோகிகளை அளந்தார்கள். அவர்களில் கிருஷ்ணமாச்சாரியாரும் உண்டு.

மூவரும் கண்டது இதுதான். யோகி மூச்சை அடக்கி, நெஞ்சையும் வயிற்றையும் இறுக்குகிறார். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது. அதனால் சிரைகள் வழியாக இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. வரவு குறைந்தால் செலவும் குறையத்தானே செய்யும்? நாடி கைக்குத் தட்டுப்படவில்லை, ஸ்டெதாஸ்கோப்பில் இதயச் சத்தமும் கேட்கவில்லை. ஆனால் ஈ.சி.ஜி. அலை மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. இதயம் நிற்கவே இல்லை! பழைய பதிவில் அலை சிறுத்ததற்கும் காரணம் சொன்னார்கள். மூச்சை அடக்கும்போது நெஞ்சுக்குள் இதயம் இருக்கும் நிலை சற்று மாறுகிறது; ஒரே கோணத்தில் அளந்தால் அலை சின்னதாகத் தெரியும். 1961ஆம் ஆண்டு இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

எனக்கு இந்தக் கதை பிடிக்கும். கருவியோடு வந்தவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து, அளந்துகொள்ளுங்கள் என்று சொன்னாரே அந்த முதியவர், அதற்காகவே பிடிக்கும். நீங்கள் ஒருபோதும் மூச்சை அடக்கி விளையாடாதீர்கள், மயக்கம் வரும்.

இன்னொரு பேச்சும் உலவுகிறது, தலைகீழாக நின்றால் மூளைக்கு ரத்தம் கொட்டும், மார்க் கூடும் என்று. தலைக்குப் போகும் ரத்தம் அளவு மீறாமல் பார்த்துக்கொள்ள உடம்பில் தனி ஏற்பாடு இருக்கிறது. கழுத்தில் உள்ள தமனியிலேயே அழுத்தமானி வைத்ததுபோல நரம்புகள் காத்திருக்கின்றன. மார்க்குக்குப் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும்.

இன்னொரு சோதனையையும் செய்துவிடுங்கள். கண்ணை மூடி உள்ளங்கையில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நண்பரை அதன்மேல் சத்தமில்லாமல் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் வைக்கச் சொல்லுங்கள். உடனே தெரிந்துவிடும். பிறகு புத்தகம் நிறைந்த ஸ்கூல் பையைத் தூக்கிக்கொண்டு, பைக்குள் அதே பாக்ஸைப் போடச் சொல்லுங்கள். தெரிகிறதா? தெரியாது. ஏற்கெனவே இருக்கும் பாரம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு பெரிய மாற்றம் வந்தால்தான் நமக்கு உறைக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் வெபர் கண்டுபிடித்தது இது.

யோகா ஆசிரியர் அல்லாத மோஷே ஃபெல்டன்கிரைஸ் இந்த விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பொறியாளர், ஜூடோ வீரர். முழங்காலில் அடிபட்டு அவதிப்பட்டவர், எந்த அசைவில் வலிக்கிறது என்று தன்னையே ஆராய்ந்தார். அவர் வகுப்பில் எல்லாரும் தரையில் படுத்துக்கொண்டு மிக மிக மெதுவாக, சின்னச் சின்னதாக அசைவார்கள். பார்ப்பவர்களுக்குத் தூங்குவதுபோல் இருக்கும். தசையை முறுக்கி வைத்திருந்தால் அது கனத்த பைதான். உள்ளே நடக்கும் சின்ன மாற்றம் எதுவும் தெரியாது. லேசாக அசைந்தால் எல்லாம் தெரியும். யோகா ஆசிரியர்கள் ‘மெதுவா, மெதுவா’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்களே, அதற்கும் இதுவே காரணமாகப் பொருந்தும்.

ஆகவே யார் முதலில் கால் விரலைத் தொடுவது என்ற போட்டிக்குப் போகாதீர்கள். வகுப்பில் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காமல் கையைத் தூக்கி ஆசிரியரிடம் சொல்லுங்கள். உங்கள் முழங்கால் அனுப்பும் செய்தி அவருக்குப் போவதில்லை. உங்களுக்கு மட்டும்தான் வருகிறது.