குபூஸ் தின்னும் தமிழரே, உங்களுக்குள் இருக்கும் மரபணு தெரியுமா?

பஹ்ரைனின் ஈசா டவுனில் சுடச்சுடக் குபூஸ் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடும் நம்மூர்க்காரர்களே, ஒரு சங்கதி தெரியுமா? உங்களில் மூன்றில் ஒருவருக்குக் கோதுமையோடு சண்டை மூட்டிவிடக்கூடிய மரபணு இருக்கலாம்!

பதற வேண்டாம். அது இருந்தும் பெரும்பாலோருக்கு ஆயுசு முழுக்க ஒன்றும் ஆவதில்லை. ஆகிறவர்களுக்கு வருவது சீலியாக் நோய். கோதுமை, பார்லியிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தின் துணுக்குகளை அந்த மரபணு உருவாக்கும் டி.கியூ.2, டி.கியூ.8 எனும் மூலக்கூறுகள் ஏந்திக் காட்டுகின்றன. நோய் எதிர்ப்பு அணுக்கள் அவற்றை எதிரியென்று நம்பிப் பாய்கின்றன. சிதைவதோ, சத்தை உறிஞ்ச வேண்டிய சொந்தக் குடல்! இந்நோய் வயிற்றுப்போக்காக மட்டும் வராது. மாத்திரைக்கு மசியாத இரத்தசோகையாகவும் குழந்தையின் வளர்ச்சி நின்றுபோவதாகவும் வேஷம் கட்டும்.

வேடிக்கையே இனிமேல்தான். இந்தியாவில் 23,331 பேரைச் சோதித்த ஆய்வு 2016-ல் வெளியானது. அந்த மரபணு வடக்கே 38.1 சதவீதம் பேருக்கு, தெற்கே 36.4 சதவீதம் பேருக்கு. ஏறக்குறைய ஒன்றுதான்! நோய்? வடக்கே ஆயிரத்துக்கு 8.53. தெற்கே வெறும் 0.11! தினசரிக் கோதுமை வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம். இட்லியும் சோறும் காப்பாற்றிவிட்டன என்று துள்ளத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்: வடகிழக்கிலும் கோதுமை 37 கிராம்தான், நோயோ ஆயிரத்துக்கு 4.66! இந்த முடிச்சுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

இதையும் மிஞ்சும் இடமுண்டு: சகாராவின் சஹராவி அகதிக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் மேல் இந்நோய் என்று 1999-ல் கண்டார்கள், தெரியுமா? கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு பிடிபட்டதும் ஒரு கதை: நெதர்லாந்தின் போர்க்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது நோயாளிக் குழந்தைகள் தேறியதைக் கவனித்தவர் அந்நாட்டு மருத்துவர் வில்லெம் டிக்கே!

பஹ்ரைனில் 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்துக்கு முன் மரபு நோய்ப் பரிசோதனை கட்டாயம். அரிவாள் செல் சோகைக்கு அது பொருந்தும். ஆனால் மூன்றில் ஒருவர் சுமக்கும் சீலியாக் மரபணுவைப் பார்த்து வரனைத் தட்டிக்கழித்தால் ஊரில் கல்யாணமே நடக்காது!

நோய் உறுதியானவருக்கு ரமலான் ஹரீஸ் ஆகாது, அது கோதுமை. பஹ்ரைன் ஹல்வாவோ சோளமாவில் கிண்டுவது! ஆனால் சந்தேகம் வந்ததும் குபூஸை நிறுத்திவிட்டு இரத்தப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். கோதுமையை விட்டால் எதிர்ப்பொருள் அளவு இறங்கி, இருக்கிற நோயும் இல்லையென்று வந்துவிடக்கூடும்.