பல்லாவரத்துக் கல்லில் ஈரம் தேடியவன்

தாம்பரத்துக்குத் தெற்கே எனக்கு அரை ஏக்கர் காய்கறித் தோட்டம். போன கோடையில் கிணறு வற்றிப்போக, அவசரப்பட்டு போர் போட்டேன். 400 அடி. "வெறும் புகைதாண்ணே வருது, ஈரமே இல்ல" என்றார் வண்டியோடு வந்த தம்பி. நீலம் கலந்த சாம்பல் நிறத் தூள் தோட்டம் முழுக்கப் படிந்தது. பணம் போன வருத்தத்தில்தான் இந்தக் கல்லைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன்.

இதன் பெயர் சார்னகைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக் கல் இந்த வகைதான். 1893ல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அதை ஆராய்ந்து, அவர் பெயரையே வைத்துவிட்டார். கல்லு நம்ம பரங்கிமலை, பல்லாவரத்துக் கல்லு. பேரு மட்டும் வெள்ளைக்காரர் பேரு!

பூமியின் மேலோடு பல தட்டுகளாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. கடலடித் தட்டு இன்னொன்றின் அடியில் நுழையும்போது ஈரத்தையும் இழுத்துப்போகிறது. அந்த நீர் பிரிந்து மேலேறி, சூடான பாறையை இளக வைக்கும். தட்டுகள் மோதித் தடித்தாலும் அடிப்பாறை உருகும். இப்படி உருகிய குழம்பு நிலத்துக்குள்ளேயே மெல்ல ஆறினால் கிரானைட். ஆறும்போது மிஞ்சுகிற சுடுநீர்தான் உலோகத்தைக் கரைத்துச் சுமந்து, வெடிப்புகளில் படிய வைக்கிறது. மலேசியாவில் ஈப்போ பக்கம் கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயம் கிடைத்தது, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தட்டுகள் மோதியபோது பிறந்த கிரானைட்டால். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோமே, அதே உலோகம்.

நம்ம கல்லு வேறு. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வெந்தது. ஈரம் கிட்டத்தட்ட இல்லாமலே உருவானது. சுமக்க நீர் இல்லை, அதனால் இங்கே ஈயச் சுரங்கம் இல்லை, ஜல்லிக் குவாரிதான்.

அந்தப் பழைய ஈரத்துக்கும் நம் மழைநீருக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் இந்தக் கல்லில் படிகங்கள் இறுகப் பின்னிக் கிடக்கின்றன. நீர் தங்கத் துளை கிடையாது. மேலே சிதைந்து பொடிந்த அடுக்கிலும் வெடிப்பிலும்தான் தங்கும். என் போர் வெடிப்பைத் தொடவில்லை. குவாரிப் பள்ளமோ மழையை அப்படியே பிடித்து வைக்கும். 2017லும் 2019லும் சென்னை குடித்தது சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரையும் சேர்த்துத்தான்.

கிணற்றைத் தூர்வாரினேன். வரப்பை உயர்த்தி, மழை ஓடாமல் மண்ணில் இறங்க வழி செய்தேன். ஐப்பசி மழைக்குப் பிறகு எட்டு முழம் தண்ணீர் நிற்கிறது. போர்க்குழியை இரும்பு மூடி போட்டுப் பூட்டியாச்சு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடுகிற இடம்.