துளையை எப்படி வனைவது?

வெயில் மாதங்களில் கண்டிப் பக்கத்துக் கலகெதரவில் எங்கள் குசினி மூலைக்கு ஒரு புதுப் பானை வந்துவிடும். தண்ணீர் ஊற்றிய அன்றே அதன் மேல் வியர்க்கும், அடித்தட்டில் ஈரம் தேங்கும். "ஓட்டைப் பானையைத் தலையில் கட்டிவிட்டான்" என்று உம்மா கடைக்காரனைத் திட்டுவார். ஓட்டைதான். ஆனால் ஓரிடத்தில் இல்லை, பானை முழுக்க. கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துப் போகிறது. உள்ளே இருக்கும் நீர் குளிர்வது அதனால்தான்.

குயவருக்கு அது தானாய் வந்த துளை. சூளைச் சூடு ஏற ஏற மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நெருங்கும், துளைகள் அடைபடும். பீங்கான் கோப்பையில் நீர் கசியாததற்கு அதுவே காரணம். அப்படியானால் பீங்கானைப் போல உறுதியாகவும், பத்தில் எட்டு ஒன்பது பங்கு வெறும் காற்றாகவும் ஒரு பொருள் வேண்டுமென்றால்? சிங்களத்தில் 'கல' என்றால் கல், 'கெதர' என்றால் வீடு. பெயரிலேயே கல்லை வைத்திருக்கும் ஊரிலிருந்து கேட்பதால் கேள்வியை இப்படி வைக்கிறேன்: கல்லை நுரைக்க வைப்பது எப்படி?

துளையை யாராலும் கையால் எடுத்து வைக்க முடியாது. பிறகு போய்விடக்கூடிய ஒன்றை முதலில் வைக்க வேண்டும். மிகப் பழைய வழி உமி. களிமண்ணோடு உமியையோ மரத்தூளையோ பிசைந்து சுட்டால் அது எரிந்து, இருந்த இடம் வெறுமையாகும். குவாத்தமாலாவில் 1981இல் பெர்னாண்டோ மசாரியேகோஸ் உருவாக்கிய குடிநீர் வடிகட்டிப் பானை இந்த வகைதான். மணிக்கு ஒன்றிரண்டு லீற்றர் சொட்டும், கிருமிகளில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் இத்தகைய வடிகட்டிகள் கொடுக்கப்பட்டன. மண்பாத்திரம் என்பதால் உடைந்துபோவதுதான் அதன் பெரிய குறை.

ஆனால் உமி விட்டுப்போகும் துளைகள் குறுகலானவை. தண்ணீர் சொட்டுவதற்குப் போதும், உருகிய உலோகம் ஓட அது போதாது. அதற்குப் பொருந்துவது பஞ்சு வழி. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்துக்காக கார்ல் ஷ்வார்ட்ஸ்வால்டரும் ஆர்தர் சோமர்ஸும் எடுத்த அமெரிக்கக் காப்புரிமை 1963இல் வந்தது.

சட்டி கழுவும் பஞ்சை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மெல்லிய கம்பிகளால் பின்னிய கூண்டுகள் தெரியும். தொழிற்சாலை எடுப்பது அதே இனத்துப் பொலியூரெத்தேன் பஞ்சு, ஒரு அங்குலத்துக்குப் பத்து முதல் அறுபது கண்கள் வரை உள்ளது. அதை அலுமினாத் தூளோ சிலிக்கன் காபைட்டோ கலந்த கூழில் முக்கி, உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிழிவார்கள். கைத்திறன் முழுதும் இந்தப் பிழிதலில் இருக்கிறது. குறைவாகப் பிழிந்தால் கண்கள் அடைத்துக்கொள்ளும், அதிகம் பிழிந்தால் கம்பிகள் சோடையாகும். கூழும் சாதாரணக் கூழ் அல்ல. நசுக்கும்போது இளக வேண்டும், விட்டதும் வழியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

காய்ந்தபின் சூளை. முதலில் ஆறஅமரச் சூடேற்றுவார்கள். அவசரப்பட்டால் பஞ்சு விரிந்து மேற்பூச்சை வெடிக்க வைத்துவிடும். பஞ்சு முழுதும் எரிந்து போனபின்தான் பெருஞ்சூடு. வெளியே வருவது பஞ்சின் அச்சு அசலான கல் உருவம். கம்பியொன்றை முறித்துப் பார்த்தால் உள்ளே முக்கோணமாக ஒரு குழல், பஞ்சு இருந்து போன தடம். (இதை வீட்டு அடுப்பில் செய்துபார்க்க வேண்டாம். அந்தப் பஞ்சு எரியும் புகையில் சயனைட் நஞ்சு இருக்கும்.)

வேறு வழிகளும் உண்டு. அப்பமாவைப் போலக் கூழிலேயே காற்றை நுரைக்க அடித்து, குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து உடையும் முன் இறுக்கிவிடுவது ஒன்று. உறையவைத்து, பனிப்படிகங்களை வெற்றிடத்தில் நேரே ஆவியாக்குவது இன்னொன்று. அது ஆய்வுகூடத்துக்கு அழகு, கிலோக்கணக்கில் செய்யப்போனால் பாடு.

கண்டிக்காரருக்குப் பஞ்சு வழி முற்றிலும் அந்நியமானதல்ல. இந்தப் பக்கத்துப் பித்தளைக் கைவினையில் மெழுகு வார்ப்பு பழைய வித்தை. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் அப்பி, மெழுகை உருக்கி ஓடவிட்டு, அது விட்டுப்போன இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். பஞ்சு வழிக்காரர் பாதியில் நிறுத்திக்கொள்கிறார், அவ்வளவுதான்: உருவம் போனதும் அந்த இடத்தை அப்படியே காலியாக விட்டுவிடுகிறார்.

இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன, வார்ப்புப்பட்டறையில். கொழும்பு வீதியில் பிலிமத்தலாவைப் பித்தளைக் கடைகளைத் தாண்டிப் போனவர்கள் மினுங்கும் குத்துவிளக்குகளைப் பார்த்திருப்பார்கள். பித்தளை உருகும்போது மேலே படரும் கசடை அகப்பையால் வழித்தெடுத்தாலும், ஊற்றும்போது துணுக்குகள் உள்ளே போய் விளக்கில் புள்ளியாக நிற்பதுண்டு. பெரிய வார்ப்பாலைகளில் அச்சுக்குப் போகும் வாய்க்காலில் ஒரு நுரைக்கல் வில்லையை வைக்கிறார்கள். அலுமினியத்துக்கு அலுமினா, இரும்புக்கும் பித்தளைக்கும் சிலிக்கன் காபைட், உருக்குக்கு சிர்க்கோனியா. வளைந்து வளைந்து போகும் கண்களில் கசடு சிக்கிக்கொள்ளும். கொந்தளித்து வரும் உலோகமும் அடங்கி, சீராகப் பாயும்.

வில்லைக்கு வேலை ஒரு தடவைதான். உலோகம் இறுகியதும் அதுவும் அதற்குள் சிக்கிக்கொள்ளும். வாய்க்காலில் இறுகிய மிச்சத்தோடு அறுத்து, மறுபடி உலையில் போடுவார்கள். பித்தளை உருகும், வில்லை உருகாது. மேலே மிதந்து வரும் அதைக் கசடோடு கசடாக அகப்பை வழித்தெறியும்.