பிக்கப் பின்விளக்குக்கு ரிலே வேண்டும்

கிள்ளைப் பக்கம் இறால் குட்டைக் கரையில் இருட்டில் பிக்கப்பைப் பின்னுக்கு எடுக்கும்போது, ஐஸ் பெட்டியோடு நிற்கும் ஆள் ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கூடுதல் விளக்கு வேண்டியதுதான். ஆனால் பலரும் அதை ரிவர்ஸ் பல்பு ஒயரிலேயே முறுக்கிவிடுகிறார்கள். 21 வாட் பல்புக்குப் போட்ட மெல்லிய ஒயர் அது. பாரம் கூடினால் சூடாகும், பியூஸ் போகும்.

பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் பியூஸ் வழியாகத் தனி ஒயர் இழுத்து, ரிலேயில் 30 என்று குறித்த முனைக்குக் கொடுக்க வேண்டும். 87 விளக்குக்கு, 86 பழைய ரிவர்ஸ் ஒயருக்கு, 85 எர்த்துக்கு. 18 வாட் எல்.இ.டி. இரண்டு போட்டாலும் 3 ஆம்பியர்தான். பியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும்.

உப்புக் காற்றுக்கு இன்சுலேஷன் டேப் மட்டும் தாங்காது. இணைப்புகளைச் சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் குழாய் மாட்டுங்கள். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். விளக்கு மங்கினால் முதலில் பார்க்க வேண்டியதும் அந்த போல்ட்டைத்தான்.