கற்பித்ததன் பலனைக் கணக்கிடும் முறை

ஒரு கிராமத்தில் புதிய சாகுபடி முறை ஒன்று கற்பிக்கப்படுகிறது. வகுப்பு நடக்கிறது, செயல்விளக்கத் திடல் அமைகிறது, அறுவடை நாளில் நெல் அளக்கப்படுகிறது. திடலில் விளைவு அதிகம் எனக் கண்டதும், போதனை வெற்றி பெற்றதாக அறிக்கை எழுதப்படுகிறது. அவ்வறிக்கையை நம்பி அரசாங்கம் பணம் ஒதுக்குகிறது. அண்டை ஊர்க் குடியானவர் தம் ஓராண்டு உழைப்பை அம்முறையில் ஈடுபடுத்துகிறார். ஆகவே, கண்ட அதிக விளைவு போதனையால் வந்ததா, வேறு காரணத்தால் வந்ததா என்று ஆராய்வது வெறும் ஏட்டுச் சர்ச்சை அன்று. தவறான கணக்கின் நஷ்டத்தை முடிவில் சுமப்பவர் குடியானவரே.

ஆளும் நிலமும்

திருநீர்மலையைப் போன்ற ஏரிப்பாசன ஊர் ஒன்றை எடுத்துக்கொள்க. திருநீர்மலை 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தது. சுற்றுப்புறத்து வயல்கள் பல வீட்டு மனைகளாகிவிட்டன. எனினும் ஏரிப்பாசனத்தின் இயல்பு பழைய செங்கற்பட்டு ஜில்லா எங்கும் ஒன்றே. மதகை அடுத்த நிலத்துக்குத் தண்ணீர் முதலில் பாயும். கடைமடைக்கு மிஞ்சினால்தான் உண்டு.

செயல்விளக்கம் வைப்பதற்குப் பெரும்பாலும் பாதையோரத்து நிலமும், தண்ணீர்க் கஷ்டமில்லாத பாசனமும், ஊக்கமுள்ள குடியானவரும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அத்தகையவர் வகுப்புக்கு வராதிருந்தாலும் காலத்தில் உழுது, காலத்தில் களையெடுத்து, பிறரைவிட அதிகம் விளைவித்திருப்பார். அவருடைய களத்தையும் கடைமடைக்காரர் களத்தையும் ஒப்பிட்டால், வெளிப்படுவது போதனையின் பலன் அன்று. நிலத்தின் வாசியும் ஆளின் வாசியுமே. தாமாக விரும்பி வகுப்பில் சேர்ந்தவரையும், சேராதவரையும் ஒப்பிடும்போதும் இதே குறை நேரும்.

பருவம்

சென்ற ஆண்டின் விளைவோடு இவ்வாண்டின் விளைவை ஒப்பிட்டால் போதாதா எனச் சிலர் வினவலாம். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று, அடையாற்றை ஒட்டிய பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. அந்தப் பருவத்தோடு மறு பருவத்தை ஒப்பிட்டால், எந்தப் போதனையும் மகத்தான வெற்றியாகவே தோன்றும். நல்ல மழை பெய்த ஆண்டுக்குப் பின் வறட்சி வருமாயின், நல்ல போதனையும் தோல்வி போலக் காணும். ஆகையால் ஒப்பீடு ஒரே பருவத்தில், ஒரே தன்மையான நிலங்களுக்கிடையே நிகழ வேண்டும்.

குடவோலையின் உபயோகம்

ஒரே தன்மையான நிலங்களிலும் யாருக்குக் கற்பிப்பது, யாரை ஒப்பீட்டுக்காக நிறுத்திவைப்பது என்பதை மனிதர் தீர்மானித்தால், அவரறியாமலே பட்சபாதம் புகுந்துவிடும். இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919இல் சேர்ந்த ஆர். ஏ. ஃபிஷர் இதற்குப் பரிகாரம் வகுத்தார். எந்தத் துண்டு நிலத்துக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்க. ஒரே சோதனையைப் பல துண்டுகளில் திரும்பச் செய்க என்பதே அது. பரிசோதனைகளை அமைக்கும் முறை பற்றிய அவர் நூல் 1935இல் வெளிவந்தது.

சீட்டு முறை நம் நாட்டார்க்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த வழக்கத்தை அவை கூறுகின்றன. முதலில் தகுதி, பின்பு சீட்டு என்ற அவ்வொழுங்கே இங்கும் வேண்டுவது.

ஆயினும் உரத்துக்கும் போதனைக்கும் ஒரு பேதமுண்டு. உரம் பெரும்பாலும் இட்ட வயலிலேயே நிற்கும். அறிவோ வரப்பைத் தாண்டிச் செல்லும். வகுப்புக்குச் சென்றவர் வயலைப் பார்த்து அடுத்த வயல்காரரும் அவ்வாறே செய்வார். ஊருக்கு அது நன்மை; ஆனால் இருவர் விளைவும் சமமாகிவிடுவதால், போதனை பயனற்றது என்று கணக்குச் சொல்லும். ஆகவே தனி ஆட்களுக்கன்றிக் கிராமங்களுக்கே சீட்டுப் போடுவது உத்தமம். ஓர் ஊருக்கு ஓர் ஊர் என்று நில்லாமல் இரு பக்கத்திலும் பல ஊர்கள் இருத்தல் வேண்டும். நிறுத்திவைத்த ஊர்களுக்கு அடுத்த பருவத்தில் கற்பித்தால் எவருக்கும் மனக்குறை இராது.

எண்ணிக்கை

எண்ணுவதில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதைப் பொறுத்து முடிவே மாறும். இதற்குச் சென்னை மாகாணத்திலேயே பழைய திருஷ்டாந்தம் உண்டு. கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1822இல் பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி 1,28,50,941 ஜனங்களுக்குப் பள்ளிகள் 12,498. மொத்த ஜனத்தொகையோடு ஒப்பிட்டால் 67 பேரில் ஒருவரே கல்வி பெறுவதாகத் தோன்றியது. பள்ளி வயதுடைய, அதாவது 5 முதல் 10 வயதுவரையுள்ள ஆண்பிள்ளைகளை மட்டும் கொண்டு கணக்கிட்டதில் நால்வரில் ஒருவர் என்றாயிற்று. வீட்டிலே கற்போரையும் சேர்த்தால் ஏறக்குறைய மூவரில் ஒருவர் என அவர் மதித்தார். சென்னை நகரில் வீட்டில் கற்போர் 26,963 பேர் என வந்த கணக்கில் பிழையிருக்கலாம் என்றும் அவர் ஐயுற்றார். எதனால் வகுப்பது, யாரைச் சேர்ப்பது என்பவை மாற, விடையும் 67இல் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றுவரை மாறிற்று.

போதனை வகுப்புகளிலும் இதைக் காணலாம். 40 பேர் சேர்ந்து 15 பேர் நடுவில் நின்றுவிட்டால், எஞ்சிய 25 பேரை மட்டும் அளந்து மகிழ்வது தகாது. நின்றவர்களுக்கு அம்முறை ஒத்துவராமற் போயிருக்கலாம். முதல் நாள் பட்டியலில் இருந்த அனைவரையும் இறுதிவரை கணக்கில் வைத்தல் அவசியம்.

அளவு

1940களில் பி. வி. சுகாத்மே பயிர் அறுவடைச் சோதனைகளை ஆராய்ந்து, மிகச் சிறிய துண்டுகளை அறுத்துக் கணக்கிட்டால் விளைவு உள்ளதைவிட அதிகமாகத் தோன்றும் என்று காட்டினார். எல்லைக்கோட்டில் நிற்கும் தூர்களை அறுப்பவர் உள்ளே சேர்த்துக்கொள்வதும் அதற்கு ஒரு காரணம். துண்டு சிறிதாகச் சிறிதாக அப்பிழையின் பங்கு பெரிதாகும். அன்றியும், நன்கு விளைந்த இடத்தையே அறுவடைக்குக் காட்டும் ஆசை எவர்க்கும் உண்டு. ஆகையால் இடத்தையும் சீட்டே தீர்மானிக்க வேண்டும். கற்பித்தவரே அளப்பவராகவும் இருத்தல் கூடாது.

எதைக் கற்றனர், எதைச் செய்தனர்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2003-04இல் காவிரிப் படுகையிலும் தாமிரபரணிப் படுகையிலும் குடியானவர் நிலங்களில் திருந்திய நெல் சாகுபடியை வழக்கமான சாகுபடியோடு ஒப்பிட்டுச் சோதித்தது. அது ஒரே செய்கையன்று. ஏறக்குறைய 14 நாள் நாற்று, குத்துக்கு ஒரே நாற்று, 25 செ.மீ. சதுர நடவு, நீர் மறைய நீர் கட்டுதல், உருளும் களைக்கருவி எனப் பல செய்கைகளின் தொகுதி. ஒருவர் சதுர நடவை மட்டும் கைக்கொண்டு மற்றவற்றை விட்டால், அவர் அம்முறையைப் பின்பற்றியவரா அல்லரா? ஒவ்வொரு செய்கையையும் தனித்தனியே குறித்தாலன்றி எது பலன் தந்தது என்பது விளங்காது. வகுப்பில் சரியாக விடை கூறுவது ஒன்று. வயலில் செய்வது மற்றொன்று. மானியம் நின்ற பின்னும் தொடர்ந்து செய்வது வேறொன்று. கடைசியாகக் கூறியதே உண்மையான பரீட்சை.

செய்யத் தக்கவை

நிலச் சொந்தக்காரர்கள் எந்த அதிக விளைவைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், எந்த நிலத்தோடு, எந்தப் பருவத்தில் ஒப்பிட்டது என்று கேட்டறிக. தம் நிலத்தில் சோதிப்பவர் ஒரே வயலைப் பகுத்து, எப்பாதி புது முறைக்கு என்பதைக் காசு சுண்டித் தீர்மானித்து, இரு பாதியின் செலவையும் வரவையும் தனித்தனியே எழுதுக. கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கலில் பயிரையும் பாசனத்தையும் நேரில் கண்டே பதிவு செய்க; மேலே கட்டப்படும் கணக்கு முழுவதும் அந்தப் பதிவின்மீதே நிற்கிறது. எதை அளப்பது என்பதை விதைக்குமுன்பே எழுதிவைத்தல் வேண்டும். அறுவடைக்குப்பின் சாதகமானதைப் பொறுக்குதல் ஆகாது.

பலன் இல்லை என்ற முடிவு வந்தால் அதையும் மறைக்காமல் எழுதுக. ஓர் ஊரில் பலிக்காதது எழுதப்பட்டிருந்தால், பத்து ஊர்க் குடியானவர்களுக்கு ஒரு போகத்துச் செலவு மிச்சமாகும்.