100 வோல்ட் விருந்தாளி

உங்கள் வீட்டு செல்போன் சார்ஜரைக் கழற்றி ஒரு நிமிடம் கையில் எடுங்கள். அதன் முதுகில் எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்துகள் இருக்கும். கண்ணைச் சுருக்கிப் படித்துப் பாருங்கள். '100 முதல் 240 வோல்ட்', '50/60 ஹெர்ட்ஸ்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா? இந்த வரி இருந்தால் அந்த சார்ஜரை உலகின் எந்த நாட்டிலும் தைரியமாக மாட்டலாம்.

இப்படி ஒரு வரி இல்லாத பெட்டி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது எனக்கு 10 வயது. தூத்துக்குடியில் இருந்தோம். மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். ஒருமுறை ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, பழைய சாமான் விற்கும் கடையில் ஓர் ஆம்ப்ளிபையர் வாங்கி வந்தார். டேப் ரெக்கார்டரில் இருந்து வரும் மெல்லிய மின் துடிப்பைப் பெரிதாக்கி, ஸ்பீக்கரை அதிர வைக்கும் பெட்டி அது. வெள்ளி நிற முகப்பு, தடித்த குமிழ்கள், சத்தத்துக்கு ஏற்ப ஆடும் இரண்டு முள்கள்... ஓடாதபோதே அவ்வளவு அழகு! தூக்கிப் பார்த்தால் அரிசி மூட்டை மாதிரி கனம்.

ஒரே ஒரு சிக்கல். அதன் பிளக்கில் இரண்டு தட்டைத் தகடுகள் இருந்தன. நம் சுவரிலோ வட்டத் துளைகள். மாமா கடைக்குப் போய் ஒரு அடாப்டர் வாங்கி வந்தார். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. கச்சிதமாகப் பொருந்தியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். மாமா சுவிட்சைப் போட்டார்.

'ம்ம்ம்ம்' என்று ஓர் உறுமல். 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரு நாற்றம். "ஐயோ, மீன் கருகுது" என்று அத்தை அடுப்படிக்கு ஓடினார். கருகியது மீன் இல்லை.

தெருமுனையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணாச்சி, பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் பார்த்தார். '100 வோல்ட்' என்று இருந்தது. மாமாவை நிமிர்ந்து பார்த்தார். "பிளக்க மாத்தினீரு, கரண்ட மாத்தலியே வே!"

ஏன் இந்த வித்தியாசம்?

நம் ஊர் சுவரில் வருவது 230 வோல்ட். இலங்கையிலும் 230. அமெரிக்காவில் சுமார் 120. ஜப்பானில் வெறும் 100. தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் குழாயில் தண்ணீர் பாயும் இல்லையா? வோல்ட் என்பது அந்த உயரம் மாதிரி. ஜப்பான் பெட்டிக்கு நம் சுவர், இரண்டு மடங்குக்கும் மேலான உயரத்தில் வைத்த தொட்டி.

இதற்குப் பழைய கதை உண்டு. 1882-ல் எடிசன் நியூயார்க் நகரில் மின்சாரம் விற்கத் தொடங்கியபோது 110 வோல்ட்டில் கொடுத்தார். அமெரிக்கா அதை ஒட்டியே வளர்ந்தது. ஜெர்மனியின் பெர்லின் நகரில் 1899-ல் 220 வோல்ட்டுக்கு மாறினார்கள். வோல்ட்டை இரட்டிப்பாக்கினால் அதே வேலைக்குப் பாதி மின்னோட்டம் போதும். மெல்லிய கம்பி போதும். செம்புக் காசு மிச்சம்! நாமும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறோம். ஜப்பான் மட்டும் தனியாக 100-லேயே நின்றுவிட்டது.

வாசல் காவலாளி

பெட்டி அவ்வளவு கனமாக இருக்கக் காரணம் டிரான்ஸ்பார்மர். இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த சட்டம், அதன் மேல் எனாமல் பூசிய செம்புக் கம்பியில் இரண்டு சுருள்கள். சுவர் மின்சாரம் முதல் சுருளுக்குள் போகும். அதோடு அதன் பயணம் முடிந்தது! இரண்டாம் சுருளுக்கும் அதற்கும் கம்பித் தொடர்பே கிடையாது. பிறகு எப்படி மின்சாரம் அந்தப் பக்கம் போகிறது?

காந்தம் வழியாக. முதல் சுருளில் மின்சாரம் முன்னும் பின்னுமாக மாறி மாறி ஓடும்போது, இரும்பில் காந்தம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் இரண்டாம் சுருளில் புதிய மின்சாரத்தைப் பிறக்க வைக்கிறது. 1831 ஆகஸ்ட் 29-ம் தேதி மைக்கேல் பாரடே, ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றி இதைக் கண்டுபிடித்தார். ஒரு பக்கம் மின்சாரத்தைச் சேர்க்கும்போதும் துண்டிக்கும்போதும் மட்டும் மறுபக்கம் முள் துள்ளியது. மாறும் மின்சாரத்தில்தான் இந்த வித்தை நடக்கும். பேட்டரியை இணைத்துவிட்டுச் சும்மா இருந்தால் ஒன்றும் நடக்காது. 1885-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் சிபெர்னோவ்ஸ்கி, பிளாத்தி, டேரி என்ற மூன்று பொறியாளர்கள் இதை ஊருக்கே மின்சாரம் வழங்கும் கருவியாக்கினார்கள்.

இதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வோல்ட்டுக்கு 4 சுற்று என்று வைத்துக்கொள்வோம். 100 வோல்ட் சுருளுக்கு 400 சுற்று. ஆம்ப்ளிபையரின் உள்ளே 40 வோல்ட் வேண்டும் என்றால் இரண்டாம் சுருளுக்கு 160 சுற்று. இப்போது 400 சுற்றில் 230 வோல்ட்டைக் கொடுத்தால்? கணக்குப்படி 40 வர வேண்டிய இடத்தில் 92! 'நான் 63 வோல்ட்தான் தாங்குவேன்' என்று தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கும் கெப்பாசிட்டர் என்ன செய்யும், பாவம்? வெடித்தது. மீன் வாடை அதிலிருந்துதான் வந்தது.

அந்த உறுமல்? இரும்புக்கும் காந்தத்தைத் தாங்க ஓர் அளவு உண்டு. அளவு மீறினால் முதல் சுருள் கட்டுப்பாடு இல்லாமல் மின்னோட்டத்தை இழுக்கும். அந்த வேகத்தில் பியூஸ் கம்பி உருகித் தன் உயிரைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியது. இல்லையென்றால் பெட்டியே தீப்பிடித்திருக்கும்.

இதில் கவனித்தீர்களா? உள்ளே இருக்கும் மற்ற பாகங்களுக்குச் சுவரில் 100 வருகிறதா, 230 வருகிறதா என்பதே தெரியாது. அவற்றுக்கு வேண்டியது இரண்டாம் சுருளின் 40 மட்டும். ஆகவே பெட்டியை நம் ஊருக்கு மாற்ற, வாசலில் நிற்கும் முதல் சுருளை மட்டும் சரி செய்தால் போதும்.

எப்படி மாற்றுவது?

சில பெட்டிகளில் வேலை மிகச் சுலபம். பல நாடுகளுக்கு ஏற்றுமதியான ஆம்ப்ளிபையர்களில் பின்பக்கம் ஒரு திருகு இருக்கும். 100, 120, 220, 240 என்று எண்கள் போட்டிருக்கும். நாடு நாடாக மாற்றலாகிப் போகும் அமெரிக்கப் படைவீரர்களுக்கும் இப்படிப்பட்ட பெட்டிகள் வசதியாக இருந்தன. சரியான எண்ணுக்குத் திருப்பிவிட்டு, பியூஸை மாற்றினால் முடிந்தது.

வேறு சிலவற்றில் முதல் சுருள் இரண்டு துண்டாக இருக்கும். ஒவ்வொன்றும் 120 வோல்ட்டுக்கு. அமெரிக்காவில் இரண்டையும் பக்க இணைப்பில் போடுவார்கள். இங்கே தொடர் இணைப்பில், அதாவது ஒன்றின் வாலை அடுத்ததன் தலையோடு முடிச்சுப் போட வேண்டும். 230-ஐ ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டால் 115. பிரச்சினையே இல்லை. ஆனால் தலையும் வாலும் மாறிவிட்டால் ஆபத்து. கயிறு இழுக்கும் போட்டியில் சம பலமுள்ள இருவர் எதிரெதிரே இழுப்பது போல, ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும். இரும்பில் காந்தமே இருக்காது. மின்னோட்டம் தடையின்றிப் பாயும். மறுபடியும் 'டப்'!

இரண்டு 100 வோல்ட் சுருள்கள் இருந்தால்? கூட்டினால் 200தான். 230 கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 115 போகும். 15 வோல்ட் அதிகம். 'பரவாயில்லை, ஓடும்' என்று சிலர் சொல்வார்கள். ஓடும்தான். கொதித்துக்கொண்டே ஓடும்.

மாமாவின் பெட்டி இந்த இரண்டு வகையுமில்லை. ஜப்பானியர்கள் தங்கள் வீட்டுக்கென்றே செய்தது. ஒரே சுருள், 100 வோல்ட் மட்டும். அண்ணாச்சி இரண்டு வழி சொன்னார். ஒன்று, 230-ஐ 100 ஆக்கும் தனி டிரான்ஸ்பார்மரை வெளியே வைப்பது. பெட்டிக்கு வேண்டிய வாட்ஸை விடத் தாராளமான அளவில் வாங்க வேண்டும். பெட்டியைத் திறக்கவே வேண்டாம். என்னைக் கேட்டால் நல்ல வழி இதுதான். பெட்டி பிறந்தபடியே இருக்கும். நாளைக்கு ஜப்பானுக்கே திரும்பிப் போனாலும் ஓடும். ஆனால் மாமாவுக்குத் தன் அழகுப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு இரும்புப் பெட்டி உட்காருவது பிடிக்கவில்லை. இரண்டாவது வழியைக் கேட்டார். காயில் கட்டுவது.

அண்ணாச்சி மூடியைக் கழற்றியதும் முதலில் செய்த காரியம், ஒரு பல்பின் இரண்டு கம்பிகளைக் கெப்பாசிட்டர்களின் கால்களில் வைத்ததுதான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றுக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். தொட்டால் தூக்கிப் போடும். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்குரூ டிரைவரைத் தேடாதீர்கள். பின்பக்கத் தகட்டைப் படிப்பது உங்கள் வேலை. மூடியைத் திறப்பது அவர் வேலை.

மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் டிரான்ஸ்பார்மரைப் பிரித்தார்கள். முதல் சுருள் அடியில் இருந்ததால் மேலே இருந்த இரண்டாம் சுருளையும் அவிழ்க்க வேண்டியதாயிற்று. ஒருவர் அவிழ்க்க, இன்னொருவர் எண்ணிக் கொண்டே சிகரெட் அட்டையில் குறித்தார். பிறகு 2.3 மடங்கு அதிகச் சுற்றுகளுடன் புது முதல் சுருள். நம் கணக்கில் 400-க்குப் பதில் 920! அத்தனை சுற்றுக்கு இடம்? மின்னோட்டம் குறைந்துவிட்டதால் கம்பி மெல்லியதாக இருந்தால் போதும். அதே இடத்தில் அடங்கிவிட்டது.

கெப்பாசிட்டர்கள் புதிதாகப் போட்டாயிற்று. பியூஸும் மாறியது. 200 வாட்ஸ் எடுக்கும் பெட்டி 100 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுக்கும். 230-ல் 1 ஆம்பியர்கூட இழுக்காது. பழைய பியூஸையே விட்டுவைத்தால், ஆபத்து வந்தாலும் அது தூங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்து, அண்ணாச்சி பெட்டியின் முதுகில் இருந்த இரண்டு சின்னப் பிளக் துளைகளைச் சிவப்புத் துணி டேப் போட்டு அடைத்தார். ஏன் தெரியுமா? கேசட் பிளேயர், ரெக்கார்டு பிளேயர் ஆகியவற்றுக்குப் பழைய ஆம்ப்ளிபையர்கள் அங்கிருந்து மின்சாரம் கொடுக்கும். ஆனால் அந்தத் துளைகள் டிரான்ஸ்பார்மருக்கு முன்பே சுவர் மின்சாரத்தோடு நேராகச் சேர்ந்தவை. இப்போது அங்கே வருவது 230! ஜப்பானிலிருந்து ஒரு 100 வோல்ட் கேசட் பிளேயர் வந்து, யாராவது அதில் மாட்டினால் மறுபடியும் மீன் வாடைதான். பின்பக்கத் தகட்டின் மேல் '230 வோல்ட்' என்று எழுதிய காகிதத்தையும் ஒட்டினார்.

மாமாவுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அடுத்த பயணத்தில் ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்க வேண்டும் என்றார். "அதுக்கு வோல்ட் மட்டும் பார்த்தா பத்தாது" என்றார் அண்ணாச்சி. மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் ஓடுகிறது என்பதுதான் ஹெர்ட்ஸ். நம் ஊரில் 50. அமெரிக்காவில் 60. ஜப்பானில் கூத்தைப் பாருங்கள்: 1890-களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும், ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் மின்சார இயந்திரங்களை வாங்கின. அதனால் இன்றுவரை டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60. ஒரே நாட்டுக்குள்! பழைய ரெக்கார்டு பிளேயர் சிலவற்றின் மோட்டார் இந்தத் துடிப்பை எண்ணித்தான் ஓடும். 60-க்குச் செய்ததை இங்கே ஓட்டினால், நிமிடத்துக்கு 33 முறை சுற்ற வேண்டிய தட்டு சுமார் 28 முறைதான் சுற்றும். பி.சுசீலாவின் குரல்கூடக் கட்டைக் குரலாகிவிடும். டிரான்ஸ்பார்மரால் இதை மாற்ற முடியாது. மோட்டாரின் தலையில் இருக்கும் குட்டிப் புல்லியைத்தான் மாற்ற வேண்டும்.

கடைசியில் சோதனை. அண்ணாச்சி நேராகச் சுவரில் மாட்டவில்லை. நடுவில் 100 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றைத் தொடர் இணைப்பில் வைத்தார். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும். ஆம்ப்ளிபையருக்கு ஒன்றும் ஆகாது. எல்லாம் சரியென்றால் ஒரு கணம் பளிச்சென்று மின்னி, கெப்பாசிட்டர்கள் நிரம்பியதும் மங்கிவிடும்.

மாமா இரண்டடி தள்ளி நின்றார். அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார். அண்ணாச்சி சுவிட்சைத் தட்டினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. நாங்கள் மூச்சை இழுத்துப் பிடித்தோம். மெல்ல மெல்ல வெளிச்சம் குறைந்து, இழை மட்டும் லேசாகச் சிவந்து நின்றது. வெள்ளி முகப்பில் விளக்கு எரிந்தது. இரண்டு முள்களும் ஒரு துள்ளு துள்ளி அடங்கின.

"பாட்டு கேசட்டு இருந்தா எடுத்தா தம்பி" என்றார் அண்ணாச்சி என்னைப் பார்த்து.