நடுவே நிற்கும் துபாஷி



மும்பை மாநகரின் தாதர் புகைவண்டி நிலையத்தை அறியாத பம்பாய்த் தமிழர் இரார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பெட்டியும் படுக்கையுமாக வந்திறங்கி, மாதுங்காவிலோ தாராவியிலோ செம்பூரிலோ இருக்கும் உறவினர் இல்லத்தை நாடிச் சென்ற எத்தனையோ குடும்பங்களுக்கு இந்நகரின் தலைவாசல் அதுவே. ஆயினும் அத்தலைவாசலில் நெடுங்காலமாக ஒரு விந்தை இருந்து வந்தது. அங்கே முதலாம் எண் நடைமேடை ஒன்றல்ல, இரண்டு. மேற்கு ரயில்வேக்கு ஒரு முதலாம் மேடை. மத்திய ரயில்வேக்கு மற்றொரு முதலாம் மேடை. 'ஒன்றாம் மேடையில் நிற்கிறேன்' என்று ஒருவர் சொல்ல, அவரை அழைத்துப் போக வந்தவர் வேறொரு ஒன்றாம் மேடையில் நின்று தேடுவார். இருவர் சொன்னதும் உண்மை. இருவரும் சந்திக்கவில்லை என்பதும் உண்மை.

இதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே என்ற கம்பெனியும், பம்பாய் பரோடா மத்திய இந்திய ரயில்வே என்ற கம்பெனியும் தனித்தனியே பாதை அமைத்தவை. 1951ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி முன்னது மத்திய ரயில்வேயிலும் பின்னது மேற்கு ரயில்வேயிலும் சேர்ந்தன. பெயர்கள் மாறின, அவரவர் எண்கள் மாறவில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதிதான் இக்குழப்பம் தீர்ந்தது. மேற்கு ரயில்வேயின் மேடைகள் 1 முதல் 7 வரை முன்போலவே இருக்க, மத்திய ரயில்வேயின் மேடைகள் 8 முதல் 14 வரை எண் பெற்றன. இதற்காகத் தண்டவாளம் ஏதும் பெயர்க்கப்படவில்லை. எந்த ரயில்வேயும் மற்றதற்குள் அடங்கிவிடவுமில்லை. இரு தரப்பாரும் ஒரே எண் வரிசைக்கு இசைந்தனர், அவ்வளவே.

வணிக நிறுவனங்களின் கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மென்பொருளைப் பற்றியே இன்று நாம் பேசப் புகுகிறோம். தாதரில் நடந்ததை நினைவிற் கொண்டால் அதன் பெரும்பகுதி எளிதில் விளங்கிவிடும்.

சற்றே பெரிய நிறுவனம் எதுவாயினும், அங்கே சம்பளப் பட்டியலுக்கு ஒரு கணிப்பொறி முறை, சரக்கு இருப்புக்கு மற்றொன்று, கணக்குப் பதிவிற்கு வேறொன்று, வாடிக்கையாளர் விவரத்திற்கு இன்னொன்று என்று பல இருக்கும். இவை வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு தயாரிப்பாளரிடம் வாங்கப்பட்டவை. ஒன்று தேதியை நாள், மாதம், ஆண்டு என்று எழுதும். மற்றொன்று ஆண்டிலிருந்து தொடங்கும். ஒன்றின் பாஷை மற்றொன்றுக்குப் புரியாது. ஆகவே நடுவில் ஒரு குமாஸ்தா அமர்ந்து, ஒரு திரையில் கண்டதை மறு திரையில் தட்டெழுதிக் கொண்டிருப்பார். அவர் கை ஓர் இலக்கத்தில் தவறினால் கணக்கும் தவறும்.

எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்டலாமே எனின், அது பெருஞ்செலவு. ஓடுகிற வண்டியின் சக்கரத்தை மாற்றுவது போன்ற அபாயமும் உண்டு. ஒவ்வொன்றையும் மற்றொவ்வொன்றோடு நேரே கம்பி கட்டி இணைக்கலாமே எனின், கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு முறைகளுக்கு ஓர் இணைப்புப் போதும். ஐந்துக்கு 10 இணைப்புகள் வேண்டும். பத்துக்கு 45 வேண்டும். பதினோராவது ஒன்று வந்து சேரும்போது மேலும் 10 இணைப்புகள் கட்ட வேண்டும். இச்சிக்கலைத் தீர்க்கவே நடுவில் ஒரு மென்பொருளை நிறுத்துகின்றனர். ஒவ்வொரு முறையும் அதனோடு மட்டும் பேசினால் போதும். பத்து முறைகளுக்குப் பத்தே இணைப்புகள்.

இதற்கு இடைநிலை மென்பொருள் என்று பெயர். ஆங்கிலச் சொல்லை அப்படியே கொண்டு மிடில்வேர் என்பாரும் உளர். 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கூடிய மென்பொருள் பொறியியல் மாநாட்டிலேயே இச்சொல் வழங்கியிருக்கிறது. நம்மிடையே இதனினும் பழைய சொல் ஒன்று உண்டு. அது துபாஷி என்பது. புதுச்சேரியில் டூப்ளே துரையிடம் ஆனந்தரங்கப் பிள்ளை வகித்த பதவியே அது. பிரெஞ்சுக்காரர் தமிழ் கற்க வேண்டியதில்லை. தமிழ் வணிகர் பிரெஞ்சு கற்க வேண்டியதில்லை. இருவரும் துபாஷியிடம் பேசினால் போதும். ஆனால் துபாஷி சொல்லை மட்டும் பெயர்த்தவரல்லர். செய்தி உரியவரிடம் சேர்ந்ததா என்று பார்ப்பதும், யாரை உள்ளே விடலாம் என்று அறிவதும் அவர் கடமையே. இடைநிலை மென்பொருளுக்கும் இம்மூன்றே கடமைகள்: பெயர்த்தல், சேர்ப்பித்தல், காவல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வுவமை தோன்றியது இயல்பே.

இனி, மீண்டும் தாதருக்கே வருவோம். இந்திய ரயில்வேயில் கணிப்பொறி வழி முன்பதிவு 1985ஆம் ஆண்டு புது தில்லியில் தொடங்கிற்று. பின்னர் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய மையங்களும் அமைந்தன. ஐந்து மையங்களும் ஐந்து தனி ஏடுகளை வைத்திருந்தன. மும்பையில் இருப்பவருக்குச் சென்னை எழும்பூரிலிருந்து மதுரை செல்லும் பாண்டியன் வண்டியில் இடம் வேண்டுமாயின், அதன் ஏடு சென்னையில் இருந்தது. திரும்பு பயணத்திற்குத் தந்தி கொடுத்துவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்த காலத்தை நம் பெற்றோர் இன்றும் சொல்வர். 1986இல் நிறுவப்பட்ட ரயில்வே தகவல் முறை மையம், அதாவது கிரிஸ், 'கான்சர்ட்' என்னும் மென்பொருளை ஆக்கிற்று. 1999ஆம் ஆண்டில் ஐந்து மையங்களும் அதனால் ஒரே வலையாயின.

இதில் நாம் கருதத் தக்கது, ஐந்து ஏடுகளையும் ஒன்றாக்கிவிடவில்லை என்பதே. சென்னை ஏடு சென்னையிலேயே இருந்தது. தாதர் முகப்பில் அமர்ந்த எழுத்தர் வண்டி எண்ணைத் தட்டியவுடன், அவ்வேடு எந்த மையத்தில் இருக்கிறது என்பதைக் கண்டு வேண்டுகோளை அங்கே செலுத்தி, விடையைத் திருப்பிக் கொணர்வதை நடுவே நின்ற மென்பொருள் செய்தது. பயணிக்கோ, எழுத்தருக்கோ அது தெரிய வேண்டிய தேவையில்லை. சீட்டு கைக்கு வரும்.

சேர்ப்பித்தல் என்பது எளிதன்று. படுக்கை எண் சென்னை ஏட்டில் எழுதப்பட்ட மறுகணமே கம்பி அறுந்துவிட்டால் என்னாகும்? ஏட்டில் இடம் போயிற்று; பயணியின் கையில் சீட்டு இல்லை. எழுத்தர் மறுபடியும் கேட்டால் இரண்டு இடங்கள் போய்விடும். இதைத் தடுக்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு. முதலாவது, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தனி எண் இடுவது. அதே எண் மறுமுறை வந்தால், 'இது முன்பே முடிந்தது. விடை இதோ' என்று திருப்பித் தருமேயன்றி மீண்டும் எழுதாது. இரண்டாவது, தாம்பூலம் மாற்றுவது போன்ற ஒரு முறை. நடுவிலுள்ள மென்பொருள் இரு தரப்பையும் முதலில் 'இசைவா?' என்று கேட்கும். இருவரும் இசைந்த பின்னரே 'முடித்துவிடுக' என்று ஆணையிடும். ஒருவர் மறுப்பினும் இருவரும் பழைய நிலைக்கே மீள்வர். ஆக, ஒரு காரியம் முழுவதும் நடந்திருக்க வேண்டும். இல்லையேல் நடவாததாகவே இருக்க வேண்டும். அரைகுறை என்பது கூடாது.

வங்கியும் ரயில்வேயும் போன்ற இரு வேறு நிறுவனங்களிடையே இவ்வாறு ஒருவர்க்காக மற்றவர் ஏட்டைப் பூட்டி வைத்துக் காத்திருத்தல் இயலாது. அங்கே வேறு வழி கொள்கின்றனர். பணம் பிடிக்கப்பட்டுச் சீட்டு எழுதப்படாமற் போயின், பின்னர் இரு கணக்குகளையும் ஒப்பு நோக்கி, பணத்தைத் திருப்பி வரவு வைக்கின்றனர். 'பணம் போய்விட்டதே' என்று பதறுவோர் சில நாட்களில் அது திரும்பக் காண்பது இதனாலேயே.

இதுவரை சொன்னது உள்ளே நடப்பது. மக்கள் காண்பது நுழைவாயில்; போர்ட்டல் என்பர். 2002இல் இணையத்தின் வழியே பயணச் சீட்டு வாங்கும் வாயில் திறந்தது. ஆயினும் முன்பதிவுக்கு ஒரு செயலி, புறநகர் வண்டிச் சீட்டுக்கு மற்றொரு செயலி என்று பல இருந்தன. 2025ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் 'ரயில்ஒன்' என்ற செயலி வெளிவந்தது. முன்பதிவுச் சீட்டும், முன்பதிவில்லாச் சீட்டும், நடைமேடைச் சீட்டும், வண்டி வரும் நேரமும் அதன் ஒரே வாயிலில் கிடைக்கின்றன. பின்னால் உள்ள அறைகள் பலவாக இருப்பினும் வருபவருக்கு ஒரே திறவுகோல் போதும். அறைகளுக்கிடையே வழியமைக்காமல் வாயிலை மட்டும் அழகுபடுத்தினால் பயனில்லை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பெரிய நிறுவனங்களுக்கே இது உரியது என்று எண்ணற்க. தாராவியில் தோற்பை செய்து விற்கும் ஒரு தமிழ் வணிகரைக் கருதுவோம். கடையிலும் விற்கிறார், இணையச் சந்தைகள் இரண்டிலும் விற்கிறார். இருப்பில் ஒரே பை இருக்கும்போது இரு சந்தைகளிலும் ஒரே வேளையில் அது விலைபோனால், ஒருவரிடம் அவர் சொல் தவற நேரும். சில முறை அவ்வாறு நேர்ந்தால், சந்தைக்காரர் அவர் கடையையே பட்டியலிலிருந்து நீக்கவுங்கூடும். இருப்பேடு ஒன்றாக இருந்து, விற்பனை எங்கு நடப்பினும் அந்த ஒன்றிலேயே கழியுமாறு இணைத்துவிட்டால் இத்தொல்லை இல்லை. அதே விற்பனை சரக்கு சேவை வரிக் கணக்கிற்கும் தானே சென்று சேரும்.

இவ்வளவும் இணைப்பின் நன்மை. அதன் தீங்கையும் நாம் கண்டதுண்டு. நாம் அறிந்த ஓர் அலுவலகத்தில் பணிப் பதிவேட்டையும் ஓய்வூதியக் கணக்கையும் இணைத்தனர். அடுத்த மாதம், செம்பூரில் வாழும் ஒரு மூதாட்டியாருக்குக் கணவரின் பேரில் வந்துகொண்டிருந்த குடும்ப ஓய்வூதியம் நின்றுவிட்டது. மூன்று மாதம் வரவில்லை. வீட்டு வாடகைக்கும் மருந்துக்கும் அதுவே ஆதாரம். காரணம் என்ன? நம்மவர் பெயருக்கு முன் தந்தையார் பெயரின் முதலெழுத்து மட்டும் நிற்கும். இங்குள்ள விண்ணப்பத் தாள்களோ பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்று கட்டங்களை நிரப்பச் சொல்லும். எனவே கணவர் பெயர் பணிப் பதிவேட்டில் முதலெழுத்துடனும், வங்கியில் தந்தையார் பெயர் பின்னாலும், அடையாள அட்டையில் அது முன்னாலும் நின்றது. இயந்திரத்தின் கண்ணுக்கு அவர்கள் மூன்று மனிதர். பிரிந்திருந்த காலத்தில் தீங்கு செய்யாத வேறுபாடு, இணைந்த அன்றே ஒரு முதியவரின் சோற்றில் கை வைத்தது.

மூன்று தாள்களையும் அருகருகே வைத்துப் படிக்க ஓர் இளம் எழுத்தர் அரை மணி நேரம் செலவிட்டார். ஓய்வூதியம் நிலுவையுடன் வந்தது. அந்த அரை மணி நேரத்தை இணைப்பதற்கு முன்னரே செலவிட்டிருந்தால் மூன்று மாதத் துயர் இல்லை.

ஆதலின், இணைக்க விழையும் நிறுவனத்தார்க்கு நாம் சொல்லக் கூடியது இதுவே. மென்பொருள் வாங்குவதற்கு முன், ஒரே பொருளையும் ஒரே மனிதரையும் நம் பல ஏடுகள் எவ்வெவ்வாறு அழைக்கின்றன என்று எழுதிப் பாருங்கள். எந்த விவரத்திற்கு எந்த ஏடு முதன்மை என்பதை முடிவு செய்யுங்கள். ஐயமான பதிவுகளை இயந்திரம் தானே தள்ளிவிடாமல் ஒரு மனிதரிடம் அனுப்பும்படி வையுங்கள். அவர் பார்த்துத் தீர்க்கும்வரை பழைய வழி நிற்காமல் நடக்கட்டும்.

தாதரில் இரு ரயில்வேக்களுக்கும் குறுக்கே செல்லும் நடைமேம்பாலத்தில் மாலை வேளையில் நின்று பார்த்தால், மக்கள் வெள்ளம் ஒருபுறமிருந்து மறுபுறம் போய்க்கொண்டே இருக்கும். பாலம் முன்பும் இருந்தது. ஆயினும் மேடைகளின் எண் ஒத்துப்போன பின்னரே புதிதாக வருபவரும் வழி கேளாமல் நடக்க முடிகிறது.